நீல ஓஎல்இடிக்கு பாஸ்பீன் ஆக்சைடு: இன்னும் உழைக்கலாமா, விட்டுவிடலாமா?

புதுத்தளிர்

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து முதல் வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டி கொடுத்த தலைப்பு, நீல ஓஎல்இடிக்கான (மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிம அடுக்குச் சாதனம்) பாஸ்பீன் ஆக்சைடு ஹோஸ்ட் மூலக்கூறுகள், அதாவது பாஸ்பரஸ்-ஆக்சிஜன் (பி=ஓ) பிணைப்பு கொண்ட, ஒளி தரும் மூலக்கூறைச் சுற்றி நிரப்பும் மூலக்கூறுகள். டிபிஇபிஓ (இந்த வகையில் அதிகம் பயன்படும் ஹோஸ்ட்) மாதிரி ஒரு அடிப்படை அமைப்பை எடுத்துக்கொண்டு அதில் கார்பசோல், டைபென்சோஃபியூரான் என்று வளையங்களை மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும், டிரிப்ளெட் (மின்சாரத்தில் உருவாகும் ஒருவகைக் கிளர்ச்சி நிலை) ஆற்றல் 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்குச் சொல்லியிருப்பது இவ்வளவுதான்.

பிரச்சினை என்னவென்றால், எங்கள் ஆய்வகத்து சீனியர் ஒருவர், "அது முட்டுச்சந்து, பாஸ்பரஸ் போட்ட சாதனம் எதுவும் நின்றதில்லை, வேறு தலைப்பு கேள்" என்று சொல்கிறார். ஆனால் கட்டுரைகளைத் தேடினால் இன்றைக்கும் பாஸ்பீன் ஆக்சைடு வந்துகொண்டேதான் இருக்கிறது. நிற்காது என்றால் ஏன் இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? நிற்கும் என்றால் ஏன் எந்த ஃபோன் திரையிலும் நீல ஒளி தரும் அடுக்கில் அது இல்லை? நான்கு வருடம் இதிலேயே போகப்போகிறது, அதனால் தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

திரைப்பொறியாளர்

உங்கள் சீனியர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது தம்பி. நான் டிஸ்பிளே துறையில் இருக்கிறேன், நிறுவனப் பெயர் வேண்டாம். ஃபோன் திரையில் சிவப்பும் பச்சையும் பாஸ்ஃபோரசென்ட் எமிட்டர் (டிரிப்ளெட்டிலிருந்தே ஒளி தரும் மூலக்கூறு), நீலம் மட்டும் இன்னும் பெரும்பாலும் ஃப்ளூரசென்ட் (டிரிப்ளெட்டிலிருந்து நேரடியாக ஒளிராதது). காரணம் ஆயுள். திறன் 20 சதவீதம் வந்தது, 25 வந்தது என்று கட்டுரை எழுதுகிறார்கள், நாங்கள் முதலில் பார்ப்பது வெளிச்சம் 5 சதவீதம் குறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைத்தான். டிபிஇபிஓ ஹோஸ்ட் போட்ட நீல சாதனங்களின் ஆயுள் ஆய்வுக் கட்டுரைகளில் நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும்தான் வருகிறது. ஒரு திரைக்குத் தேவை ஆயிரக்கணக்கான மணி. அந்த இடைவெளி கொஞ்சநஞ்சம் இல்லை.

2025 மே மாதம் எல்ஜி டிஸ்பிளே நீல பாஸ்ஃபோரசென்ட் திரையை வணிக உற்பத்தி அளவில் சரிபார்த்துவிட்டதாக அறிவித்தது. அதிலும் கூட ஃப்ளூரசென்ட் நீலத்தைக் கீழ் அடுக்கிலும் பாஸ்ஃபோரசென்ட் நீலத்தை மேல் அடுக்கிலும் வைத்து, இரண்டடுக்கு டேண்டமாகத்தான் செய்திருக்கிறார்கள். முழு நீலத்தையும் டிரிப்ளெட்டை நம்பி விட இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மதுரைவாசி

நான் ரசாயனம் படித்தவன் இல்லை, ஃபோன் திரை மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன், ஆர்வத்தில் வாசிக்கிறேன். பாஸ்ஃபோரசென்ட் என்றாலே உள்ளே பாஸ்பரஸ் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் சிவப்பும் பச்சையும் ஏற்கனவே பாஸ்பரஸில்தானே ஓடுகிறது?

கரைசல்

இல்லை அண்ணே, அதில் வெளிச்சம் கொடுப்பது இரிடியம் என்கிற உலோகம். மின்சாரம் பாயும்போது உருவாகும் கிளர்ச்சி நிலைகளில் கால்வாசிதான் சிங்லெட் (எளிதில் ஒளியாகும் நிலை), முக்கால்வாசி டிரிப்ளெட் (சாதாரணமாக ஒளி தராத நிலை). 1987இல் கோடாக்கில் டாங்கும் வான்ஸ்லைக்கும் செய்த முதல் நல்ல ஓஎல்இடி அந்தக் கால்வாசியை மட்டும்தான் வெளிச்சமாக்கியது. 1998இல் தாம்சனும் ஃபாரஸ்டும் பிளாட்டினம் அணைவுச் சேர்மத்தைப் போட்டு அந்த முக்கால்வாசியையும் வெளிச்சமாக மாற்றலாம் என்று காட்டினார்கள், அடுத்த வருடமே இரிடியம் வந்தது. அப்புறம் 2012இல் ஜப்பானில் கியூஷூ பல்கலைக்கழகத்து அடாச்சி குழு உலோகமே இல்லாமல் டிரிப்ளெட்டைத் திரும்ப சிங்லெட்டாக ஏற்றும் வழியைக் கொண்டுவந்தது, அதைத்தான் டிஏடிஎஃப் என்கிறோம்.

புதுத்தளிர் கேட்பது வெளிச்சம் தரும் மூலக்கூறைப் பற்றி இல்லை. அதைச் சுற்றி நிரப்பும் மூலக்கூறு, அதாவது ஹோஸ்ட். எமிட்டர் 5, 10, அதிகம் போனால் 30 சதவீதம் இருக்கும், மிச்சம் முழுக்க ஹோஸ்ட். பாஸ்பரஸ் வருவது அங்கே.

யாழ்வாணி

நான் கணிப்பு வேதியியல் பக்கம் வேலை செய்கிறேன். ஏன் இத்தனை பேர் பாஸ்பீன் ஆக்சைடைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் ஏன் அது உடைகிறது என்பதும் விளங்கும், ஏனென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்று.

நீல ஒளி 460 நானோமீட்டர் என்று வையுங்கள், ஒரு ஃபோட்டானுக்கு 2.7 எலக்ட்ரான் வோல்ட். எமிட்டரின் டிரிப்ளெட் அந்த உயரத்தில் இருக்கும்போது ஹோஸ்டின் டிரிப்ளெட் அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றல் எமிட்டரில் தங்காமல் ஹோஸ்டுக்குள் இறங்கி வீணாகிவிடும். பச்சைக்கு நன்றாக உழைத்த சிபிபி என்ற ஹோஸ்டின் டிரிப்ளெட் 2.6க்குக் கொஞ்சம் கீழே. எஃப்ஐஆர்பிக் என்ற வான்நீல இரிடியத்துக்கு அது 2.65 பக்கம். அதாவது ஹோஸ்ட் எமிட்டரை விடத் தாழ்வு. பிறகு வந்த எம்சிபி 2.9, அது பரவாயில்லை, ஆனால் அது கார்பசோல், துளைகளை (எலக்ட்ரான் இல்லாத நேர்மின் இடங்களை) நன்றாகக் கடத்தும், எலக்ட்ரானை விரும்பாது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். டிரிப்ளெட் உயர வேண்டும் என்றால் பை எலக்ட்ரான்கள் பரவும் பரப்பு சின்னதாக இருக்க வேண்டும். எலக்ட்ரான் எளிதாக உள்ளே வர வேண்டும் என்றால் லூமோ, அதாவது கூடுதல் எலக்ட்ரான் வந்து உட்காரும் ஆற்றல் மட்டம், தாழ வேண்டும், அதற்கு வழக்கமான வழி பரப்பைப் பெரிதாக்குவது. ஒன்றைக் கொடுத்தால் மற்றது போய்விடும். பாஸ்பீன் ஆக்சைடு இந்த முடிச்சை அவிழ்த்தது. பாஸ்பரஸைச் சுற்றி நான்முகி அமைப்பு, மூன்று பக்கம் ஃபீனைல், ஒரு பக்கம் ஆக்சிஜன். ஒரு வளையத்தின் பை எலக்ட்ரான்கள் அந்தப் பாஸ்பரஸைத் தாண்டி அடுத்த வளையத்துக்குப் பரவ முடிவதில்லை, ஆகவே டிரிப்ளெட் அந்தச் சின்ன வளையத்தின் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் பி=ஓ பிணைப்பு பலமாக முனைவுற்றது, பாஸ்பரஸ் நேர்மின் பக்கம், அது சிக்மா பிணைப்பு வழியாக எலக்ட்ரானை இழுக்கிறது. ஹோமோவும் (எலக்ட்ரான் நிறைந்த மட்டங்களில் மேலே இருப்பது) லூமோவும் இரண்டும் சேர்ந்து கீழே இறங்குகின்றன, இடைவெளி அப்படியே இருக்கிறது. டிரிப்ளெட்டைக் காவு கொடுக்காமல் எலக்ட்ரானுக்கு வழி கிடைக்கிறது.

2006 வாக்கில் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் பரோஸ் குழு பைஃபீனைலின் இரண்டு முனையிலும் டைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடைக் கோத்து இதைத்தான் காட்டியது. அந்த மூலக்கூறு தனியாகப் புற ஊதாவில் மின்னொளி கொடுத்தது, எஃப்ஐஆர்பிக்குக்கு ஹோஸ்டாகவும் நின்றது. 2014இல் அடாச்சி குழுவின் டிஎம்ஏசி-டிபிஎஸ் நீல டிஏடிஎஃப் சாதனம் 19.5 சதவீத வெளிக் குவாண்டம் திறன் கொடுத்தபோது அதன் ஹோஸ்ட் டிபிஇபிஓ. அதற்குப் பிறகு நீல டிஏடிஎஃப் செய்கிற எல்லோரும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். டிபிஇபிஓவின் முனைவுத்தன்மை மின்னேற்ற மாற்ற நிலையைத் தாங்கிப் பிடித்து சிங்லெட்-டிரிப்ளெட் இடைவெளியைச் சுருக்கிக் கொடுக்கிறது. ஒளியைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளவும் செய்கிறது, அதைக் கட்டுரைகளில் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள்.

திரைப்பொறியாளர்

அருமையாகச் சொன்னீர்கள் அக்கா. உடைவதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள், தம்பிக்கு அதுதான் தேவை.

யாழ்வாணி

கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பு. அந்த மூலக்கூறில் பலவீனமான இடம் அதுதான். ஒரு விஷயம் கவனமாகப் பார்க்க வேண்டும்: நடுநிலை மூலக்கூறில் அந்தப் பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றலைக் கணக்குப் போட்டால் நீல ஃபோட்டானை விட அதிகமாகத்தான் வரும், அதாவது வெறும் நீல வெளிச்சத்துக்கு அது உடையத் தேவையில்லை. எலக்ட்ரான் ஒன்று மூலக்கூறில் ஏறி அது எதிர் அயனியாக நிற்கும் நேரத்தில் அதே பிணைப்பின் உடைவு ஆற்றல் பாதியாக, சில மூலக்கூறுகளில் அதற்கும் கீழே சரிந்துவிடுகிறது. ஏனென்றால் உடைந்து பிரியும் துண்டுகளில் ஒன்று அந்த எலக்ட்ரானைச் சுகமாக ஏற்றுக்கொள்கிறது. இப்போது பக்கத்தில் 2.7 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட் எக்சிடான் (கிளர்ச்சியுற்ற மூலக்கூறின் ஆற்றல் பொட்டலம்) ஒன்று இருந்து, அது தன் ஆற்றலை இந்த எதிர் அயனியிடம் கொட்டினால் என்ன ஆகும்? பிணைப்பு போய்விடும். நீல சாதனத்தின் உமிழ் அடுக்கில் எலக்ட்ரானும் எக்சிடானும் எப்போதும் ஒரே இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

எலக்ட்ரானை வா என்று அழைப்பதும் பி=ஓதான், அது வந்து உட்கார்ந்ததும் உடைவதும் அதன் பக்கத்துப் பிணைப்புதான். ஆகவே "பி=ஓவின் நன்மையை வைத்துக்கொண்டு கெடுதலை மட்டும் நீக்குகிறேன்" என்று யாராவது சொன்னால் எப்படி என்று கேளுங்கள்.

ஆனால் பாஸ்பரஸ் மட்டும் குற்றவாளி என்று சொல்வது அநியாயம். கார்பசோலின் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பும் எதிர் அயனி நிலையில் பலவீனப்படுகிறது. டிஎம்ஏசி-டிபிஎஸ் மூலக்கூறில் இருக்கும் சல்ஃபோனின் கார்பன்-கந்தகப் பிணைப்பும் அதே கதைதான். ஒரு சாதனம் செத்தால் ஹோஸ்ட் மேல் பழியைப் போட்டுவிட்டு எமிட்டரைச் சோதிக்காமல் விடுகிற கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

குருவி

இங்கே எல்லோரும் பாஸ்பரஸ் என்றால் டைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு ஒன்றுதான் என்பது போலப் பேசுகிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாஸ்பரஸை வளையத்துக்கு உள்ளே வைக்கிற ஒரு மரபு தனியாக இருக்கிறது, பாஸ்ஃபோல். பிரான்ஸில் ரென் நகரத்து ரெஜி ரியோ குழு 2003இலேயே பாஸ்ஃபோலை வைத்து ஓஎல்இடி செய்தது. அங்கே பாஸ்பரஸ் ஓரத்தில் தொங்கும் எலக்ட்ரான் இழுப்பான் இல்லை, ஒளிரும் அமைப்பின் நடு உறுப்பே அதுதான். பிர்ரோலில் நைட்ரஜனின் தனி இணை வளையத்தோடு கலந்துவிடும், பாஸ்ஃபோலில் பாஸ்பரஸ் கூம்பாக நிற்பதால் அந்த இணை அவ்வளவாகக் கலப்பதில்லை. அதனால் அந்த இணையை வைத்து நாம் வேலை செய்யலாம்: ஆக்சிஜன் போடு ஒரு நிறம், கந்தகம் போடு இன்னொரு நிறம், தங்கத்தோடு இணை வேறொரு நிறம், கார்பன் எலும்புக்கூட்டைத் தொடவே வேண்டாம். நைட்ரஜனுக்கோ கந்தகத்துக்கோ இந்த அளவு வசதி கிடையாது. கனடாவில் பாம்கார்ட்னர் குழு டைதையீனோபாஸ்ஃபோலை வைத்து இதை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது என்று பாருங்கள், 2004இலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

ஆயுள் பற்றிச் சொன்னீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. ஜப்பானில் நகோயாவின் யமாகுச்சி குழு பாஸ்ஃபோல் ஆக்சைடு வளையத்தை வைத்து சி-நாஃபாக்ஸ் என்ற ஒளிரும் சாயம் செய்தது, 2015. அதை ஸ்டெட் நுண்ணோக்கியில் போட்டார்கள். ஸ்டெட் என்றால் சாயத்தின் மேல் பலமான லேசரைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சுவார்கள், சாதாரண சாயங்கள் சில படம் எடுப்பதற்குள் வெளுத்துவிடும். சி-நாஃபாக்ஸ் தாங்கியது. அதிலும் கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பு இருக்கிறது, பி=ஓ இருக்கிறது. ஆக "பாஸ்பரஸ் போட்டால் நிற்காது" என்பது பொதுவிதி ஆகாது.

யாழ்வாணி

நல்ல எடுத்துக்காட்டு குருவி, ஆனால் அது நான் சொன்னதை மறுக்கவில்லை. நுண்ணோக்கியில் சாயத்தின் மேல் விழுவது ஒளி மட்டும்தான், எலக்ட்ரோடிலிருந்து யாரும் எலக்ட்ரானை ஏற்றுவதில்லை. சாதனத்தில் மூலக்கூறு ஏற்றம் சுமந்தபடியே கிளர்ச்சியும் அடைகிறது. இரண்டும் வேறு வேறு சோதனை, ஒன்றில் தேறியது மற்றதில் தேறும் என்று சொல்ல முடியாது.

உங்கள் பேச்சில் எனக்குப் பிடித்த இடம் வளையம். டிபிஇபிஓவில் ஒரு கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பு உடைந்தால் துண்டு தனியாக ஓடிவிடும், திரும்ப வராது. பாஸ்பரஸ் வளையத்துக்குள் பூட்டப்பட்டிருந்தால் வளையப் பிணைப்பு ஒன்று திறந்தாலும் மற்ற பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும், மறுபடியும் மூட வாய்ப்பு இருக்கிறது. புதுத்தளிர் அடிப்படை அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசிக்கலாம், டைபென்சோபாஸ்ஃபோல் ஆக்சைடு மாதிரி. ஆனால் அப்போது பைஃபீனைல் தட்டையாகிப் பரப்பு கூடுவதால் டிரிப்ளெட் இறங்கும், ஆழ்ந்த நீலத்துக்கு அது போதாமல் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஃபிளாஸ்கைத் தொடுங்கள்.

நாற்கரம்

நான் பெரோவ்ஸ்கைட் (ஈயமும் புரோமைடும் போன்றவை சேர்ந்த ஒருவகைப் படிகம்) எல்இடி பக்கம். உங்கள் சண்டையில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. ஒளி வரும் அடுக்குக்குள் பாஸ்பீன் ஆக்சைடைத் திணித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

டிஎஸ்பிஓ1 என்று ஒரு மூலக்கூறு, ஒரு ஃபீனைல் வளையம், ஒரு முனையில் டைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு, மறுமுனையில் டிரைஃபீனைல்சிலில். கொரியாவில் லீ ஜுன் யோப் குழுவின் வேலை. டிரிப்ளெட் 3.36 எலக்ட்ரான் வோல்ட். நீல ஓஎல்இடிக் கட்டுரைகளில் உமிழ் அடுக்குக்கும் எலக்ட்ரான் கடத்தும் அடுக்குக்கும் நடுவில் சில நானோமீட்டர் கனத்தில் இதைப் பார்க்கலாம். எக்சிடான் அந்தப் பக்கம் கசிந்துவிடாமல் வயல் வரப்பு மாதிரி நிற்கிறது, எலக்ட்ரானை மட்டும் விடுகிறது. இதே டிஎஸ்பிஓ1ஐ 2020இல் சீனாவின் நான்ஜிங்கில் ஒரு குழு பெரோவ்ஸ்கைட் குவாண்டம் புள்ளி அடுக்குக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் பூசியது. திறன் 18.7 சதவீதம் வந்தது, ஆயுள் இருபது மடங்கு கூடியது. பாஸ்பீன் ஆக்சைடு சேர்த்ததால் ஆயுள் கூடியிருக்கிறது, குறையவில்லை, இதைக் கவனியுங்கள்!

காரணம் பி=ஓவின் இன்னொரு குணம். அந்த ஆக்சிஜன் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். குவாண்டம் புள்ளியின் பரப்பில் புரோமைடு இல்லாமல் அரைகுறையாக நிற்கும் ஈய அயனிகள்தான் ஆற்றலைத் தின்னும் குழிகள். பி=ஓ போய் அந்த ஈயத்தின் மேல் உட்கார்ந்து குழியை மூடிவிடுகிறது. இதைப் பி=ஓ இன்றைக்கு நேற்று கற்றுக்கொள்ளவில்லை. அணு எரிபொருள் மறுசுழற்சியில் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கும் டிரைபியூட்டைல் பாஸ்பேட், நம் கல்பாக்கத்திலும் இந்த வகைச் சேர்மங்களில் எவ்வளவோ வேலை நடந்திருக்கிறது, அங்கேயும் பிடிப்பது அதே பி=ஓ ஆக்சிஜன்தான்.

கரைசல்

அதே குணம்தான் யூரோப்பியத்திலும் உதவுகிறது. திருவனந்தபுரத்து நீஸ்ட் ஆய்வகத்தில் எம்.எல்.பி. ரெட்டி குழு 2010 வாக்கில் ஜான்ட்ஃபாஸ் ஆக்சைடை யூரோப்பியம் டைகீட்டோனேட்டோடு சேர்த்துச் சிவப்பு ஒளி தரும் அணைவுச் சேர்மங்களைச் செய்தது. யூரோப்பியத்தின் மேல் தண்ணீர் மூலக்கூறு உட்கார்ந்திருந்தால் ஓ-எச் அதிர்வு வெளிச்சத்தைத் தின்றுவிடும். இரட்டைப் பல் பாஸ்பீன் ஆக்சைடு அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 612 நானோமீட்டர் பக்கம் ஊசி மாதிரி கூர்மையான சிவப்பு, கண்ணால் பார்த்தால் மறக்க முடியாது.

தாமிரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சைடு ஆக்காத பாஸ்பீன்கள், அதாவது டிபிஇஃபாஸ் மாதிரியானவை, தாமிரம் ஒன்று அயனியைச் சுற்றி நின்று டிஏடிஎஃப் கொடுக்கின்றன. 2010இல் பாஸ்பீன் தாங்கிய இரட்டைத் தாமிர அணைவுச் சேர்மம் ஒன்று 16.1 சதவீதம் காட்டியது, அடாச்சியின் 2012க்கு முன்பே. இரிடியம் விலையைப் பார்த்தால் தாமிரத்தை இப்படி மறந்துவிட்டோமே என்று எனக்கு வருத்தம்.

புதுத்தளிர்

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. திரைப்பொறியாளர் அண்ணா, யாழ்வாணி அக்கா, இரண்டு பேரும் சொன்னதை வைத்துப் பார்த்தால் டிரிப்ளெட்டை மட்டும் பார்த்து மூலக்கூறு வடிவமைப்பது தப்பு என்று புரிகிறது. செய்முறையில் எனக்கு இன்னும் ஒன்றும் கை வரவில்லை. பாஸ்பீன் ஆக்சைடு செய்து சுத்தம் பண்ணுவதில் என்னென்ன கவனிக்க வேண்டும்? அப்புறம், மூலக்கூறு நிற்குமா நிற்காதா என்பதை முழு சாதனம் செய்யாமல் முன்கூட்டியே சோதிக்க வழி உண்டா?

கரைசல்

செய்முறை என் பக்கம், சொல்கிறேன்.

வழக்கமான பாதை, அரைல் புரோமைடை மைனஸ் 78 டிகிரியில் பியூட்டைல் லித்தியத்தோடு வினைப்படுத்தி, அதன் மேல் குளோரோடைஃபீனைல்பாஸ்பீனைச் சொட்டுச் சொட்டாக விடுவது. புட்டியைத் திறந்த கொஞ்ச நாளில் அது கெட்டுப்போகும், ஈரம் பட்டால் போச்சு. ஆகவே வினைக்கு முன்னால் ஒரு பாஸ்பரஸ்-31 என்எம்ஆர் (பாஸ்பரஸ் அணு எந்தச் சூழலில் இருக்கிறது என்று காட்டும் காந்த நிறமாலை) எடுத்துவிடுங்கள். நல்ல குளோரோபாஸ்பீன் 82 பிபிஎம் பக்கம் ஒற்றைச் சிகரம் காட்டும், 20, 30 பக்கம் சிகரங்கள் எழுந்திருந்தால் வடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். வினை முடிந்ததும் மறுபடியும் என்எம்ஆர். மூன்றிணைதிறன் பாஸ்பீன் பூஜ்ஜியத்துக்குக் கீழே வரும், டிரைஃபீனைல்பாஸ்பீன் மைனஸ் 5 பக்கம். ஆக்சைடு ஆனதும் தாவி 29 பக்கம் போய்விடும். இவ்வளவு தெளிவாக வினையைக் கண்காணிக்கிற வசதி ரசாயனத்தில் குறைவு, அதை விட்டுவிடாதீர்கள்.

ஆக்சிஜனேற்றத்துக்கு 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பனிக்கட்டியில் வைத்து மெதுவாக விடுங்கள், சூடேறும். கரைப்பானாக அசிட்டோனை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள், ஃபிளாஸ்க் கழுவிய மிச்ச அசிட்டோன் கூட இருக்கக் கூடாது, அசிட்டோன் பெராக்சைடு வெடிக்கும் பொருள். முடிந்ததும் சல்ஃபைட் கரைசலால் கழுவி, பெராக்சைடு மிச்சம் இல்லை என்று சோதனைத் தாளில் பார்த்த பிறகு ஆவியாக்குங்கள்.

அடுத்தது சுத்தம் பண்ணுவது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். பி=ஓ சிலிக்காவோடு ஒட்டிக்கொள்ளும். ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட்டில் டிஎல்சி (சிலிக்காத் தகட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) போட்டால் அடிக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும், வினையே நடக்கவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். தனி எத்தில் அசிட்டேட், அதற்கும் நகராவிட்டால் டைகுளோரோமீத்தேனில் கொஞ்சம் மெத்தனால் சேர்த்து ஓட்டுங்கள். விட்டிக் வினை செய்தவர்களுக்கு டிரைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு எப்படி உயிரை வாங்கும் என்று தெரியும், அதை எத்தனாலில் துத்தநாகக் குளோரைடு போட்டு வீழ்படிவாக்கி எடுப்பார்கள். அதுவும் நாற்கரம் சொன்ன அதே பிடிப்புதான். அந்தப் பிடிப்பால்தான் பி=ஓ தண்ணீரையும் ஹைட்ரஜன் பிணைப்பில் விடாமல் வைத்திருக்கும், உலர்த்தியில் ராத்திரி முழுக்க வைத்தும் புரோட்டான் என்எம்ஆரில் தண்ணீர்ச் சிகரம் நிற்கும். வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்தி, கடைசியில் பதங்கமாக்கியே ஆக வேண்டும், முடிந்தால் இரண்டு தடவை. கண்ணாடிக் குழாயில் வெப்பம் படிப்படியாகக் குறையும்போது நடுவில் வெள்ளையாகப் படிவதை மட்டும் சுரண்டி எடுங்கள். ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்டினாலும் சேர்க்க வேண்டாம்.

புரோமைடு மிச்சம் மிக முக்கியம். தொடக்கப் பொருளில் இருந்து ஒரு துளி ஆலஜன் தங்கினால் சாதனத்தின் ஆயுளை அதுவே சாகடித்துவிடும், அப்புறம் பாஸ்பரஸ்தான் காரணம் என்று எழுதிவிடுவார்கள்.

திரைப்பொறியாளர்

கடைசி வரியை வழிமொழிகிறேன்.

சோதனை பற்றி: முழு சாதனத்துக்கு முன்னால் ஒற்றை ஏற்ற சாதனம் செய்யுங்கள். எலக்ட்ரான் மட்டும் ஓடும் ஒன்று, துளை மட்டும் ஓடும் ஒன்று. ஒளி வராது, தேவையும் இல்லை. மாறாத மின்னோட்டம் கொடுத்து மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். எலக்ட்ரான் சாதனத்தில் மின்னழுத்தம் விறுவிறு என்று ஏறி, துளை சாதனத்தில் அமைதியாக இருந்தால் அக்கா சொன்ன எதிர் அயனி உடைவுதான் என்று முதல் சந்தேகம். மூன்றாவதாக அதே எலக்ட்ரான் சாதனத்தின் மேல் வெளியிலிருந்து புற ஊதா ஒளி அடித்துக்கொண்டே ஓட்டுங்கள். மின்சாரம் மட்டும், ஒளி மட்டும், இரண்டும் சேர்ந்து என்று பிரித்துப் பார்க்கும்போது எது கொல்கிறது என்பது தெரிந்துவிடும். செத்த படலத்தைக் கரைப்பானில் கரைத்து எல்சி-எம்எஸ்சில் (துண்டுகளைப் பிரித்து நிறை பார்க்கும் கருவி) போடுங்கள், ஃபீனைல் ஒன்று குறைந்த துண்டோ டைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு துண்டோ வந்தால் பிணைப்பு எங்கே உடைந்தது என்று நேரடிச் சான்று. ஒப்பிட எம்சிபியோ எம்சிபிபியோ வைத்து அதே எமிட்டரில், அதே நாளில், அதே வெற்றிட அறையில் ஒரு சாதனம் கட்டாயம். வெவ்வேறு நாள் செய்தவற்றை ஒப்பிட்டு ஆயுள் பேசுவதை நான் ஏற்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் முதல் பதிலில் கடுமையாகப் பேசியதால். எலக்ட்ரான் கடத்தும் அடுக்கில் பாஸ்பீன் ஆக்சைடைத் தொழில்துறை ஒதுக்கவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும் நோவாலெட் போன்ற ஓஎல்இடிப் பொருள் நிறுவனங்களின் காப்புரிமைகளைப் புரட்டினால் பாஸ்பீன் ஆக்சைடோடு கார உலோகச் சேர்மங்களைக் கலந்த அடுக்குகள் வரிசையாக வரும். அங்கே எக்சிடான் இல்லை, எலக்ட்ரான் மட்டும்தான், அதனால் பிணைப்பு தாங்குகிறது. லித்தியத்தை அந்த ஆக்சிஜன் பிடித்து வைத்துக்கொள்வதும் உதவி.

குருவி

அப்படியானால் பிஓ-டி2டியை என்ன சொல்வீர்கள்? டிரையசீன் நடுவில், மூன்று பக்கம் டைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு, தைவானில் வாங் கென்-சுங் குழுவினுடையது. அது தனியாக நீல ஒளி தராது, பக்கத்தில் எம்சிபி போன்ற துளை விரும்பியை வைத்தால் இரண்டுக்கும் நடுவில் எக்சிப்ளெக்ஸ் (இரண்டு மூலக்கூறுகள் பகிரும் கிளர்ச்சி நிலை) உருவாகி நீல ஒளி வருகிறது. எம்சிபிக்குப் பதில் வேறொன்றை வைத்தால் பச்சை, மஞ்சள் கூடக் கிடைக்கும். எலக்ட்ரானும் எக்சிடானும் அங்கே பக்கத்திலேயேதானே இருக்கின்றன?

யாழ்வாணி

அதில் எலக்ட்ரான் போய் உட்காரும் இடம் டிரையசீன், பாஸ்பரஸ் ஓரம் இல்லை. லூமோ நடு வளையத்தில் பரவிக் கிடப்பதால் கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பில் எதிர்மின் அடர்த்தி குறைவு. புதுத்தளிர், உங்கள் தலைப்பை விடாமலே நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: எலக்ட்ரானை ஏற்க வேறொரு வளையம், பி=ஓ அதைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடும் துணை மட்டும். டிரிப்ளெட்டில் 0.1 குறையும், குறையட்டும், 2.9இல் நின்றால் போதும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் டிரிப்ளெட்டோடு கூடவே எதிர் அயனி நிலையில் கார்பன்-பாஸ்பரஸ் உடைவு ஆற்றலையும் கணக்குப் போட்டு, அந்த இரண்டு எண்களையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள். வழிகாட்டியிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், மறுக்க மாட்டார்.

புதுத்தளிர்

சரி அக்கா. டிபிஇபிஓ, டிஎஸ்பிஓ1, பிஓ-டி2டி மூன்றையும் முதலில் கணக்கில் போடுகிறேன், கூடவே ஒப்பிட எம்சிபி. கணிப்புக்கு எந்த ஃபங்ஷனல் (எலக்ட்ரான் ஆற்றலைக் கணக்கிடும் வாய்பாடு), எந்த பேசிஸ் செட் (எலக்ட்ரான் பரவலை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பு) எடுக்கலாம்?

யாழ்வாணி

எதிர் அயனி என்பதால் டிஃப்யூஸ் சார்புகள் உள்ள பேசிஸ் செட் கட்டாயம். ஃபங்ஷனல் எம்06-2எக்ஸ், ஒமேகாபி97எக்ஸ்-டி இரண்டிலும் போடுங்கள், மூலக்கூறுகளின் வரிசை இரண்டிலும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். உடையும் துண்டுகளில் எது எலக்ட்ரானை எடுக்கிறது என்று இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, தாழ்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டுக் கோப்பில் சந்தேகம் வந்தால் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.